பனிச்சரிவு: காலடியில் உடைவதும் தலைக்கு மேலிருந்து வருவதும்

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி நண்பகலையொட்டி, சிக்கிமின் கேங்டாக்கிலிருந்து நாதுலாவுக்குப் போகும் சாலையில் 15-ஆவது மைலருகே பனிச்சரிவு விழுந்து 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி உத்தராகண்டில் பத்ரிநாத்தை அடுத்த மாணா கிராமத்தருகே, எல்லைச் சாலை அமைப்பின் தொழிலாளர் முகாம்மீது ஒன்று இறங்கியது. 54 பேர் சிக்கினார்கள், 8 பேர் இறந்தார்கள். 2010 பிப்ரவரி 8-ஆம் தேதி குல்மார்க்கில் பயிற்சியிலிருந்த ராணுவத்தினர் 17 பேரைப் பனிச்சரிவு கொன்றது.

இன்னொரு வரிசையும் இருக்கிறது. 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி, அதே குல்மார்க்கின் அஃபர்வாத் மலையில் பனிச்சறுக்குக்குப் போன போலந்து நாட்டவர் 2 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி, உத்தரகாசி மாவட்டத்தின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில் (5,670 மீட்டர்) மலையேற்றப் பயிற்சிக் குழு ஒன்று 29 பேரை இழந்தது. அது குளிர்காலம்கூட இல்லை, அக்டோபர் மாதம்.

இரண்டு வரிசைக்கும் 'பனிச்சரிவு' என்ற ஒரே பெயரைத்தான் செய்தித்தாள்கள் வைக்கின்றன. ஆனால் சாலையோரத்திலோ முகாமிலோ இருப்பவரை எங்கோ உயரத்தில் புறப்பட்டது வந்து எட்டுகிறது. சரிவின்மேல் நடப்பவரோ, பெரும்பாலும் தன் எடையாலேயே அதை உடைக்கிறார். ஆல்ப்ஸிலும் வட அமெரிக்காவிலும் சறுக்கு வீரர்களையும் மலையேறுபவர்களையும் கொன்ற சரிவுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இறந்தவரோ அவருடன் போனவரோதான் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். உலகில் கிடைக்கும் பனிச்சரிவுப் பாடங்களில் பெரும்பகுதி அவர்களுக்காக எழுதப்பட்டது. இமயமலைக்குப் போகும் நம்மவருக்கு அது பாதிப் பாடம். கேதார்காந்தா, பிரம்மதால் போன்ற குளிர்கால நடைகளுக்கோ, குல்மார்க் கோண்டோலா என்ற கம்பிவட ஊர்தியின் இரண்டாம் கட்டத்தில் ஏறி 3,900 மீட்டருக்கு மேல் இறங்கிச் சறுக்கவோ போகிறவர் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டாக வேண்டும். இந்தச் சரிவை நான் உடைப்பேனா? மேலே இருப்பது உடைந்தால் நான் நிற்கும் இடம்வரை வருமா?

பலகையும் ரவையும்

முதலில் ஒரு சினிமா நம்பிக்கையைக் கழித்துவிடலாம். உரக்கக் கத்தினால் பனி சரியாது. மனிதக் குரலின் அழுத்தம் அதற்குப் பலமடங்கு போதாது. வெடிவைத்துச் சரிவைத் தூண்ட முடிவது வெடியின் அழுத்தம் குரலைவிடப் பல்லாயிரம் மடங்கு என்பதால்தான்.

நெற்குவியலின் விளிம்பில் ஒரு கை நெல்லை உருவினால் மேலே உள்ளது உதிர்ந்து இறங்கும். அப்படி ஒரு புள்ளியில் தொடங்கி விசிறிபோல் விரிந்து வருவது உதிர்ச்சரிவு. ஆளைக் கீழே தள்ளும், செங்குத்துப் பாறை இருந்தால் அதில் கொண்டுபோய்ப் போடும், ஆனால் மொத்தத்தில் சிறியது. கொல்வது பலகைச்சரிவு. மேசையில் ரவையைப் பரப்பி அதன்மேல் கனமான பலகையை வைத்து மேசையை மெல்லச் சாய்த்தால் ஒரு கட்டத்தில் பலகை முழுதாக நழுவும் அல்லவா, அதே ஏற்பாடுதான். மேலே ஒன்றோடொன்று பிடித்துக்கொண்ட இறுகிய பனிப்பலகை. அடியில் பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு. இரண்டையும் தாங்கும் சாய்வு. ஓர் ஆள் பலகைமேல் காலை வைக்கும்போது அடியிலுள்ள நொய்ந்த அடுக்கு அந்த இடத்தில் நசுங்குகிறது. நசுங்கல் பக்கவாட்டில் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆள் பலகையின் நடுவில் நிற்கிறார், வெடிப்போ அவருக்கு மேலே திறக்கிறது. சில நொடிகளில் மணிக்கு 80, 100 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஓடித் தப்பலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

நொய்ந்த அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஊட்டியில் ஜனவரி மாதம் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் பள்ளமான புல்வெளிகள் வெளுத்துப்போகும். தரை வானுக்கு வெப்பத்தை விட்டுக் குளிர, காற்றின் ஈரம் நேராகப் புல்மேல் படிகமாகிறது. இதே உறைபனி பனிப்பரப்பின்மேலும் முளைக்கும். இறகுபோன்ற, மினுமினுக்கும் படிகங்கள். காலையில் படம் எடுக்க அவ்வளவு அழகு. அவை வெயிலிலோ காற்றிலோ அழியுமுன் அடுத்த பனிப்பொழிவு மூடிவிட்டால், அரை அங்குல உயரத்தில் நிற்கும் கண்ணாடிக் கம்பிகளின்மேல் கூரை போட்டதுபோல் ஆகிவிடும். வாரக்கணக்கில் அந்தக் கூரை அப்படியே நிற்கலாம்.

மற்றது தரையோரத்தில் நடப்பது. பனிப்போர்வைக்கு அடியில் தரை ஏறக்குறைய 0 பாகையிலேயே இருக்கும். மேற்பரப்பு இரவில் -15 பாகைக்குப் போகிறதென்று வைத்துக்கொள்வோம். போர்வை 2 மீட்டர் தடிமன் என்றால் 10 சென்டிமீட்டருக்கு 0.75 பாகைதான் வித்தியாசம். துகள்கள் மெல்ல உருண்டையாகி ஒட்டிக்கொள்ளும், போர்வை பலப்படும். தடிமன் 40 சென்டிமீட்டர்தான் என்றால் 10 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4 பாகை. 10 சென்டிமீட்டருக்கு 1 பாகை என்ற எல்லையைத் தாண்டினாலே நீராவி அடியிலிருந்து மேலேறித் துகள்களை முனைகூர்ந்த, ஒட்டாத படிகங்களாக மாற்றத் தொடங்கிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழியும். உருண்டை பிடிக்க வராது. ஆகவே பனி குறைவாக இருக்கும் ஆண்டு பத்திரமான ஆண்டு என்று நினைப்பது தலைகீழான கணக்கு. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையான 40 நாளைச் சில்லைக்கலான் என்பார்கள். அந்தக் கடுங்குளிர் வறண்டு கழிந்து, கொஞ்சம் கிடந்த பனி அடியில் சர்க்கரையாகி, பிப்ரவரியில் அதன்மேல் ஒரேயடியாக ஒரு மீட்டர் கொட்டினால், அந்தப் பருவம் முழுக்க அடித்தளமில்லாத வீடுதான். 2023-24 குளிர்காலத்தில் காஷ்மீர் ஏறத்தாழ அப்படித்தான் போயிற்று. ஜனவரிக் கடைசிவரை வறட்சி, பிப்ரவரியில் கனத்த பொழிவு.

மேற்கு இமயத்திலேயே இடத்துக்கு இடம் பனியின் குணம் மாறும். பீர்பஞ்சால் தொடரில் பொழிவு அதிகம், குளிர் ஒப்பளவில் குறைவு. அங்கே ஆபத்து பெரும்பாலும் புயலோடு வந்து, புயலுக்குப் பின் சில நாளில் தணிகிறது. காரகோரத்தை நெருங்க நெருங்கப் பொழிவு குறைந்து குளிரும் காற்றும் கூடும். நொய்ந்த அடுக்குகள் அங்கே நீண்டநாள் ஆறாமல் கிடக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய இமயத் தொடர் குணத்திலும் இடைப்பட்டது. ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காற்று, பிறகு வெயில்

டிசம்பர் முதல் மார்ச் வரை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள்தான் இந்த மலைகளுக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி என்பது எச்சரிக்கை அளவு. மணிக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் தொடர்ந்து கொட்டினால் பழைய அடுக்குக்குப் பழகிக்கொள்ள நேரமில்லை. ஆனால் பனி விழாத நாளிலும் பாரம் ஏறும். காற்று முகட்டின் ஒருபக்கப் பனியை வாரி மறுபக்கத்தில் கொட்டுகிறது, வானத்திலிருந்து விழுவதைவிடப் பலமடங்கு வேகமாக. தெளிந்த நீலவானில் முகட்டிலிருந்து வெள்ளைப் புகைபோல் ஏதோ பறந்தால், காற்று மறைவுப் பக்கத்தில் இந்த நிமிடம் பலகை கட்டப்படுகிறது என்று பொருள். அந்தப் பக்கத்து முகட்டில் வீட்டு இறவாரம்போல் பனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் அதே காற்றின் வேலை. அந்த இறவாரத்தின்மேல் நடப்பவர் காலுக்கடியில் மலை இருக்கிறதென்று நம்புகிறார். அது உடையும்போது ஓரத்தில் உடைவதில்லை, எதிர்பார்த்ததைவிட நன்றாக உள்ளே தள்ளி உடையும். முகட்டில் போகும்போது பாறை தெரியும் காற்றுப் பக்கமாகவே ஒதுங்கிப் போவது பழக்கமாக வேண்டும்.

காற்று இறுக்கிய பலகையை அடையாளம் காண்பது கடினமில்லை. மங்கிய சுண்ணாம்பு நிறம், கால் வைத்தால் மத்தளத்தைத் தட்டியதுபோல் மந்தமான ஓசை, ஊன்றுகோலை அழுத்தினால் முதலில் எதிர்த்துப் பிறகு வெற்றிடத்துக்குள் போவதுபோல் இறங்குவது.

வெயிலின் கணக்கு வேறு. மார்ச், ஏப்ரலில் இரவில் உறைந்த மேற்பரப்பு காலையில் கான்கிரீட்போல் தாங்கும். வெயில் ஏறியதும் உருகிய நீர் துகள்களுக்கு இடையிலான கட்டை அவிழ்க்கும். முதலில் கிழக்குச் சரிவு, பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. இருட்டிலேயே கிளம்பி, வெயில்படும் செங்குத்துச் சரிவுகளைக் காலை 10 மணிக்கு முன் கடந்துவிடுவது இதனால்தான். பூட்ஸ் கணுக்காலைத் தாண்டிப் புதையத் தொடங்கினாலோ, பனி உருண்டைகள் தானாகச் சக்கரம்போல் உருண்டு இறங்கினாலோ நேரம் கடந்துவிட்டது. இரவு மேகமூட்டமாக இருந்து உறையவே இல்லையென்றால் அன்று காலை என்ற சலுகையும் கிடையாது.

30 பாகை

பனியின் உள்ளே என்ன இருக்கிறதென்று முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியாது. சாய்வை மட்டும் சந்தேகமில்லாமல் அளக்க முடியும். பலகைச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில் புறப்படுகின்றன. மிக அதிகம் நடப்பது 38 பாகையை ஒட்டி. 50-க்கு மேல் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழே உலர்ந்த பலகை நழுவுவது அரிது. அனுபவசாலிகள் பலர் மோசமான நாளில் பனியைப் பற்றி வாதாடுவதை விட்டுவிட்டு, 30-க்குக் கீழேயே போகிறோம் என்று முடித்துக்கொள்கிறார்கள். எங்கள் கணிப்பில் இந்த ஒரு வழக்கம் பையிலுள்ள எந்தக் கருவியையும்விட அதிக உயிரைக் காக்கும்.

கண்மதிப்பு இதில் ஏமாற்றும். ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல்கள் போதும். ஒன்றைச் சரிவின் இறக்கத் திசையிலேயே, முனை மேலேயும் கைப்பிடி கீழேயும் இருக்கும்படி பனியில் கிடத்தி அழுத்தித் தடம் பதிக்கவும். முனையை அதே இடத்தில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்கவும். இரண்டாவது கோலின் கைப்பிடியை அதன் கைப்பிடியோடு சேர்த்து விரலில் தொங்கவிடவும், தூக்குக்குண்டுபோல் நேராகத் தொங்க வேண்டும். தொங்கும் கோலின் முனை பனியைத் தொடும்வரை கைப்பிடிகளை ஏற்றி இறக்கவும். தடத்தின் கீழ்முனையையே தொட்டால் சாய்வு 30 பாகை. அதற்கும் கீழே தள்ளித் தொட்டால் அதைவிடச் செங்குத்து. 120 சென்டிமீட்டர் கோலுக்கு ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் தள்ளலும் ஏறத்தாழ 3 பாகை. செல்போனின் சாய்வுமானியைக் கோலின்மேல் வைத்தும் பார்க்கலாம். குளிரில் மின்கலம் இறந்தபின் கோல்தான் கைகொடுக்கும். இந்த அளவீட்டைச் சந்தேகத்துக்கிடமான சரிவில் இறங்கிச் செய்யக்கூடாது, அதே சாய்வுள்ள சிறிய மேட்டில் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

வீட்டிலிருந்தே வரைபடத்தில் பார்ப்பதானால், 1:50,000 அளவில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 40 மீட்டர் என்றிருக்கும்போது, இரு கோடுகள் 1.4 மில்லிமீட்டரைவிட நெருங்கினால் 30 பாகைக்கு மேல், 0.8 மில்லிமீட்டர் ஆனால் 45. செல்போன் செயலிகளில் சாய்வுக்கு நிறம் தீட்டியும் காட்டுவார்கள். அது செயற்கைக்கோள் தரவின் சராசரி. 15 மீட்டர் உயரமுள்ள ஒரு செங்குத்து மடிப்பு அதில் காணாமல் போய்விடும், ஆளைப் புதைக்க அந்த மடிப்பு போதும்.

அறிக்கையை எப்படி வாசிப்பது

இந்தியாவில் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுவது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் கீழுள்ள டிஜிஆர்இ என்ற ஆய்வகம். முன்பு சாசே என்ற பெயரில் மணாலியில் வளர்ந்த பனி ஆய்வு நிறுவனத்தின் வாரிசு. 'குப்வாரா மாவட்டத்தில் 2,800 மீட்டருக்கு மேல் அடுத்த 24 மணி நேரத்துக்கு நடுத்தர ஆபத்து' என்கிற வடிவில் அறிவிப்பு வரும். அதில் உயரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. நம் பாதையின் எந்தப் பகுதி அந்த உயரத்துக்கு மேலே போகிறது, அதற்கு மேலே எந்தச் சரிவு தொங்குகிறது? மாவட்டம் முழுமைக்குமான ஒரு சொல் குறிப்பிட்ட ஓடையைப் பற்றி எதுவும் சொல்லாது. எச்சரிக்கை இல்லாத நாள் என்பது அனுமதிச் சீட்டும் ஆகாது.

உலக அளவில் புழங்கும் ஐந்து நிலை அளவுகோலில் 3 என்பது நடுவில் நிற்கும் எண் என்பதால் 'பரவாயில்லை' என்று தோன்றும். அளவுகோல் சம இடைவெளியில் ஏறுவதில்லை, ஒவ்வொரு படியிலும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 4, 5-இல் பெரும்பாலும் யாரும் வெளியே போவதில்லை, 3-இல் போகிறார்கள். ஆல்ப்ஸில் அதிகம் பேர் இறப்பது 3-ஆம் நிலையில்தான். புயல் கலைந்து வெயிலடிக்கும் முதல் நாளும் அதேபோலத்தான். பாரம் ஏறி இன்னும் ஆறாத பனி, கூடவே சுற்றுலாவுக்கு ஏற்ற வானம். கனத்த பொழிவுக்குப் பின் 24 மணி நேரமாவது, நொய்ந்த அடுக்கு இருக்குமென்று தெரிந்தால் அதற்கும் மேலாக, செங்குத்துச் சரிவுகளிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

கூடாரம் எங்கே

மாணாவும் நாதுலாவும் சொல்லும் பாடம் இங்கே வருகிறது. புறப்பட்ட பனிச்சரிவு ஓடுவதற்கு 30 பாகை வேண்டியதில்லை. சமதரையிலும் ஓடும், எதிர்க்கரையிலும் ஏறும். நிற்கும் இடத்திலிருந்து சரிவு புறப்படக்கூடிய உச்சியை நோக்கிக் கண்கோணத்தை அளந்து பாருங்கள். 25 பாகைக்கு மேல் இருந்தால் எட்டும் என்றே கொள்ள வேண்டும். பெரிய சரிவுகள் 20 பாகைக்கும் கீழே வந்திருக்கின்றன. உச்சி நம்மைவிட 1,000 மீட்டர் உயரம் என்றால் 25 பாகை என்பது அதன் நேர்கீழிலிருந்து 2.1 கிலோமீட்டர் தூரம், 20 பாகை என்பது 2.7 கிலோமீட்டர். மேகம் மூடியதால் உச்சி தெரியாத இடத்தில் வரைபடத்தைக் கொண்டு இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். தண்ணீர் பக்கத்தில், காற்று படாத இடம், சமதரை என்று கூடாரத்துக்குச் சொல்லப்படும் எல்லா நல்ல குணங்களும் ஓடையின் வாய்க்கு உண்டு என்பதுதான் சங்கடம்.

மரங்கள் பழைய கணக்கைச் சொல்லும். காட்டின் நடுவே மேலிருந்து கீழாக மரமே இல்லாத பட்டை. மேற்பக்கக் கிளைகள் உரிந்து கீழ்ப்பக்கக் கிளைகள் மட்டும் மிஞ்சிய தேவதாரு. எல்லாம் ஒரே திசையில் வளைந்து கிடக்கும் போஜ்பத்ரா மரங்கள். ஓடைவாயில் கல்லும் முறிந்த கட்டையும் கலந்த மேடு. இவை இருக்கும் இடத்தில் படமெடுக்கக்கூட நிற்க வேண்டாம். ஊர்க்காரர்களிடம் கேட்கும்போது 'இங்கே பனி சரியுமா?' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள். 'எந்த ஓடையில் சரிந்தது, எதுவரை வந்தது?' என்று கேட்டால் கைநீட்டிக் காட்டுவார்கள்.

நடக்கும்போது

பனியே சொல்லும் நேரடி எச்சரிக்கைகள் மூன்று, மூன்றுக்கும் மேல்முறையீடு இல்லை. அண்மையில் அதே திசைச் சரிவில் விழுந்த பனிச்சரிவு. காலடியிலிருந்து மின்னல்போல் ஓடும் வெடிப்பு. நடக்கும்போது சுற்றிலும் பனி 'பொத்'தென்று அமுங்கும் ஓசை. கடைசியது சமதரையிலேயே நொய்ந்த அடுக்கு நொறுங்கிய சத்தம். சாய்வு மட்டும் இருந்திருந்தால் அது நழுவியிருக்கும்.

குழி வெட்டிச் சோதிப்பதும் உண்டு. பரவலாகச் செய்யப்படும் சோதனையில், சரிவுக்குக் குறுக்கே 90 சென்டிமீட்டர், மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் என்று ஒரு பனித்தூணைத் தனியே பிரித்து, ஒரு முனையில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என்று தட்டுவார்கள். வெடிப்பு கிளம்பிய தட்டிலோ அதற்கடுத்த தட்டிலோ தூணின் மறுமுனைவரை ஓடிவிட்டால் அந்தப் பனி பரவி உடையும் இயல்புள்ளது, திரும்பிவிட வேண்டும். ஓடாவிட்டால்? அந்த 90 சென்டிமீட்டரில் ஓடவில்லை என்பதுதான் தெரிந்தது. 30 மீட்டர் தள்ளி, பாறையோரத்தில் பனி மெலிந்த இடத்தில் கதை வேறாக இருக்கும். ஆகவே சோதனை 'போகாதே' என்றால் கேட்கவும், 'போ' என்றால் அதை ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

தவிர்க்க முடியாத சரிவை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும், மற்றவர்கள் அவரைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பாதுகாப்பான திட்டில் நிற்க வேண்டும். திட்டு என்பது மேடான முகடோ, அடர்ந்த பழைய காடோ. சரிவின் நடுவிலுள்ள ஒற்றைப் பாறை திட்டாகாது, அதைச் சுற்றிப் பனி மெலிந்து நொய்ந்திருக்கும், பலகை அங்கேதான் எளிதில் உடையும். ஊன்றுகோலின் பட்டையிலிருந்து கையை விடுவித்துக்கொள்ள வேண்டும். புதையும்போது கோல் நங்கூரமாகிக் கையைக் கீழே இழுக்கும். சரிவுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் கால் வைக்கக்கூடாது. விரிந்த சமவெளியில் முழங்கால் அளவு பரவும் பனி, குறுகிய ஓடைக்குள் 4 மீட்டர் ஆழத்துக்கு நிரம்பும். பாறை விளிம்பும் பனியாற்று வெடிப்பும் இதே வகைப் பொறிகள்தான்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் இறக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் பனியறிவுக் குறைவு இல்லை. சென்னையிலிருந்து விமானச் சீட்டு, 8 நாள் விடுப்பு, கட்டிய பணம், முன்னால் போன குழுவின் காலடித்தடம், 'வழிகாட்டி இருக்கிறார்' என்ற நிம்மதி, 'நேற்று இதே வழியில் போனோமே' என்ற துணிச்சல். கடைசியதுதான் எல்லாவற்றிலும் விஷம். பனிச்சரிவு நிலத்தில் தவறான முடிவு எடுத்தவர் பத்தில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாமல் வீடு திரும்புகிறார், அதைத் தன் திறமை என்று எண்ணிக்கொள்கிறார். திரும்பும் நிபந்தனையைக் கிளம்புமுன் கீழேயே பேசி வைப்பது நல்லது. 'பொத்தென்று சத்தம் வந்தால் திரும்புவோம், 10 மணிக்குக் கணவாயில் இல்லையென்றால் திரும்புவோம்.' மேலே போனபின் பேசினால் யாருக்கும் முதலில் சொல்ல வாய் வராது. குழுவில் யார் ஒருவர் வேண்டாமென்றாலும் முடிவு அதுவே என்று வைத்துக்கொண்டால் அந்தத் தயக்கமும் கொஞ்சம் தீரும்.

புதைந்தபின்

2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் 19,000 அடிக்கு மேலிருந்த காவல்சாவடியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். 6 நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார், 11-ஆம் தேதி மருத்துவமனையில் இறந்தார். மாணாவில் இரும்புக் கன்டெய்னர்களுக்குள் இருந்தவர்கள் பலர் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். இரண்டிலும் பனிக்குள் காற்றுக்கு இடம் இருந்தது. உடையோடு புதைபவருக்கு அது கிடையாது. சரிந்து நின்ற பனி ஒரு கனமீட்டர் 300 முதல் 500 கிலோ எடை. நின்ற கணத்திலேயே சிமெண்ட்போல் இறுகும். விரலை அசைக்க முடியாது. வெளிவிடும் மூச்சு முகத்தின் முன்னால் உறைந்து மூடுகிறது. 10 நிமிடத்துக்குள் எடுக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் அது மூன்றில் ஒருவராகக் குறைகிறது. ஹெலிகாப்டர் அந்த அரைமணிக்குள் வராது. கூடப் போனவர் எடுத்தால்தான் உண்டு.

அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் மூன்று ஆன்டெனா பீக்கன் (சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும், தேடும் நிலைக்கு மாற்றினால் மற்றவருடையதைப் பிடிக்கும் சிறு கருவி), பனிக்குள் குத்திப் பார்க்க 240 சென்டிமீட்டருக்குக் குறையாத ப்ரோப் கம்பி, உலோக ஷவல். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மற்ற இரண்டும் பாரம்தான். பீக்கன் மட்டும் இருந்தால் நண்பர் எங்கே இறந்துகொண்டிருக்கிறார் என்று துல்லியமாகத் தெரியும், அவ்வளவே. பீக்கனைப் பையில் வைக்கக்கூடாது, சட்டைக்கு மேல் ஜாக்கெட்டுக்கு உள்ளே பட்டையோடு அணிய வேண்டும். அல்கலைன் மின்கலம்தான், ரீசார்ஜ் செய்யும் மின்கலம் குளிரில் திடீரென்று விழும், மீதி அளவையும் தவறாகக் காட்டும். செல்போன் அதிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். காலையில் கிளம்பும்போது தலைவர் தன்னுடையதைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு, மற்றவர்களை ஒவ்வொருவராகத் தன்முன் நடக்கவைத்துச் சரிபார்க்க வேண்டும்.

சிக்கிக்கொண்டவர் கத்த வேண்டும், ஓரத்தை நோக்கிப் போராட வேண்டும், இழுத்ததும் ஊதிக்கொண்டு ஆளைப் பனியின் மேலே வைத்திருக்க உதவும் காற்றுப்பை முதுகில் இருந்தால் உடனே இழுக்க வேண்டும். ஓட்டம் தணியும்போது ஒரு முன்கையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்துவிட வேண்டும். நின்றபின் கொண்டுவர முடியாது.

வெளியே நிற்பவர்கள் அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, மேலே இன்னொரு பலகை தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, அத்தனை பேரும் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மறந்தாலும் அவர் சமிக்ஞையைத் துரத்திப் பொன்னான நிமிடங்கள் போகும். கண்ட இடத்திலிருந்து கீழ்நோக்கி, 40 மீட்டர் இடைவெளி விட்ட பட்டைகளாக, கையுறை, கோல், பை எதுவாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வேகமாக இறங்கவும். சமிக்ஞை கிடைத்ததும் அம்புக்குறி காட்டும் வளைவுப் பாதையில் போகவும். அது நேர்கோட்டில் போகாதது பழுதாலல்ல, காந்தப்புலத்தின் வடிவம் அப்படி. 10 மீட்டருக்குள் வேகத்தைக் குறைத்து, 3 மீட்டருக்குள் பீக்கனைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, முன்பின்னாகவும் இடவலமாகவும் மிகக் குறைந்த எண்ணைக் காண வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாக ப்ரோப்பை இறக்கவும். தட்டுப்பட்டால் உருவக்கூடாது, அங்கேயே நிற்கட்டும்.

பீக்கனே இல்லாத குழுவுக்கு மேலே தெரியும் பொருள்களும், அவற்றைச் சுற்றியும் பனி குவிந்து நின்ற வளைவுகளிலும் முனையிலுள்ள வட்டத் தட்டைக் கழற்றித் திருப்பிக் குத்தும் ஊன்றுகோலும்தான் மிச்சம்.

தோண்டுவதில்தான் அதிக நேரம் போகும். பழகாதவர்கள் ப்ரோப்புக்கு நேர்மேலே குதித்து நின்று கிணறு வெட்டத் தொடங்குவார்கள். அவர்கள் எடை புதைந்தவரின் முகத்துக்கு முன்னிருக்கும் சிறு காற்றிடத்தை நசுக்கும், அள்ளிய பனியைப் போட இடமும் இருக்காது. ப்ரோப்பில் ஆழத்தைப் பார்த்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சரிவில் கீழே இறங்கி, அங்கிருந்து கிடைமட்டமாக உள்ளே வெட்ட வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் பனியை நகர்த்த வேண்டியிருக்கும். நான்கைந்து பேர் இருந்தால் வி வடிவில் நின்று, முன்னால் இருப்பவர் கட்டிகளை வெட்டித் தள்ள, பின்னால் இருப்பவர்கள் துடுப்புப் போடுவதுபோல் கீழே வாரிவிட வேண்டும். முன்னவரைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முதலில் தலையைத் தேடி, வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்து, மார்பின் மேலிருக்கும் பாரத்தை நீக்கவும். மூச்சில்லையென்றால் உடல் முழுக்க வெளியே வரும்வரை காத்திராமல் அந்தக் குழிக்குள்ளேயே வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதிவிட்டு, மற்றவர்கள் தோண்டத் தோண்ட மார்பு அழுத்தத்தைத் தொடங்கலாம். முகத்துக்கு முன் காற்றிடம் இருந்ததா, வாய் பனியால் அடைபட்டிருந்ததா, எத்தனை நிமிடம் புதைந்திருந்தார் என்ற மூன்றையும் ஒருவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.